சீனியம்மாள் அத்தை போட்ட டிக்

தாராவியில் எங்கள் சந்தில் கல்யாணம் என்றால் சீனியம்மாள் அத்தையைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று குலவை போடுவார். புருஷன் உள்ளவர்கள்தான் அந்த இடத்தில் நிற்கலாம் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அத்தையின் புருஷன் ராஜபாண்டி பதினான்கு வருடங்களுக்கு முன்னால் தாணேக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். ஆனால் அத்தை கழுத்தில் தாலி இருக்கிறது. அதனால் யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம், அத்தை நூல் வெட்டும் வேலை பார்க்கும் கார்கானாவில், அதாவது பை தைக்கும் பட்டறையில், எல்லோருக்கும் இன்சூரன்ஸ் ஃபாரம் கொடுத்தார்கள். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருப்பதால் என்னிடம் எடுத்து வந்தார். ஒரு வரியில் மூன்றே கட்டங்கள். மேரீட் என்றால் புருஷனின் ஆதார் நகல் வேண்டும். விடோ என்றால் இறப்புச் சான்றிதழ். சிங்கிள் என்றால் எதுவும் வேண்டாம்.

சிங்கிள் என்றால் என்ன என்று அத்தை கேட்டார். கல்யாணமே ஆகாதவர்களைத்தான் ஃபாரத்தில் அப்படி எழுதுவார்கள் என்றேன். இப்போதெல்லாம் பிரிந்து இருப்பவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், என் கூடப் படித்த பெண்கள் போன் ஸ்டேட்டஸில் பெருமையாகவே போடுகிறார்கள் என்றும் சொன்னேன்.

"பெருமையாவா?" அத்தை சிரித்தார். "ஏட்டி, நான் அப்படிப் போட்டா நாளைக்கு எவ என்னையக் குலவைக்குக் கூப்பிடுவா?"

அப்படியென்றால் மாமாவிடம் ஆதார் நகல் கேட்டு வாங்கலாமே என்றேன். தீபாவளிக்கு முன்னால் கிங்ஸ் சர்க்கிளில், ஒரு கடை வாசல் கூட்டத்தில் அவரை நேருக்கு நேர் பார்த்ததாக அத்தை சொன்னார்.

"'ஜரா பாஜு ஹோ'ங்காரு. ஒதுங்கி வழி விடணுமாம். மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னாரு. என்னைய அடையாளம் தெரியலட்டி."

அத்தை என் கையிலிருந்து பேனாவை வாங்கி, சிங்கிள் எந்தக் கட்டம் என்று கேட்டு, தானே டிக் போட்டார். சந்தில் யாரிடமும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் சந்து கோகிலவாணி அக்காவுக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் வழக்கம்போல் அத்தையை முன்னால் வரச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டிவிட்டு அத்தை பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். மற்ற பெண்கள் எல்லோரும் மணவறைக்கு எழுந்து போயிருந்தார்கள். அந்த வரிசையில் அவர் மட்டும்தான் இருந்தார்.