வாசலில் ஊதிக் காட்ட வேண்டிய வீடு

சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள் அவள். நல்ல கைவேலைக்காரி. ஆனால் காலையில் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் அந்தக் கை நடுங்கும். லாரி ஓட்டும் புருஷன் வேறொருத்தியோடு போன பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம். முதலில் வேலை போயிற்று, பிறகு வாடகை வீடு. ஏழாவது படிக்கும் மகளையும், பள்ளிக்கூட வயது ஆகாத மகனையும் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் படுத்தாள். ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்தி, மூவரையும் இந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

குடியை விட்டவர்கள் சொந்தக் காலில் நிற்கும்வரை பிள்ளைகளோடு இங்கே தங்கலாம். குடும்பத்துக்கு ஓர் அறை, சமையலறை பொது. வெளியே போய்வந்தால் வாசலில் ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் உள்ளே இடமில்லை.

"எங்கப்பாகூட என்னை இவ்வளவு சந்தேகப்பட்டதில்லக்கா" என்று பொறுப்பாளரிடம் சிரித்துக்கொண்டே ஊதுவாள்.

மகள்தான் சிரிக்கவில்லை. அம்மா குளிக்கப் போனால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பாள். மாதங்கள் போகப் போக அதை விட்டாள். ஒரு சாயங்காலம் மற்றப் பிள்ளைகளோடு முற்றத்தில் கத்தி விளையாடினாள். அம்மா ஜன்னலில் நின்று, இருட்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். விடுமுறையில் வீடு தேடி அலைந்தாள். ஒரு வீட்டுக்காரர் சம்மதித்து, சாவியைக்கூட எடுத்துவிட்டார்.

"இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

சொன்னாள். சாவி சட்டைப்பைக்குள் திரும்பப் போயிற்று.

"அந்த வீட்லருந்தா? யோசிச்சு சொல்றேம்மா."

இதே பதிலை ஏற்கெனவே பல வாசல்களில் கேட்டிருந்தாள். அன்று என்னவோ தாங்கவில்லை. திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்தாள்.

பொறுப்பாளர் வெளியே வந்தபோது, எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தாள்.

"ஏன் அங்கயே நிக்கிற? வா."

"ஊத வேணாங்க்கா. குடிச்சிட்டேன்."

"உள்ள விட முடியாதும்மா" என்றார் பொறுப்பாளர்.

"தெரியும். புள்ளைங்க சாப்பிட்டுச்சா?"

"இப்பதான் உக்காந்திருக்காங்க."

"சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் சொல்லுங்க."

அதற்குள் மகள் எச்சில் கையோடு கேட்டுக்கு வந்துவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"தம்பிகிட்ட என்ன சொல்ல?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

"நெசமாவே போவியா?"

"போறேன்டி."

போனாள். சிகிச்சை முடிந்து வந்தபோது அவளுடைய அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. பிள்ளைகளைக் காப்பகத்தில் சேர்த்திருந்தார்கள். வாடகைக்காவது வீடு என்று ஒன்று இருந்தால்தான் திருப்பித் தருவார்களாம்.

இப்போது பெண்கள் விடுதியில் ஒரு கட்டில்தான் அவளுக்கு. குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குப் போகிறாள். பையன் கீழே விழுந்தால் அங்கிருக்கும் ஆயாவிடம்தான் ஓடுகிறான். மகள் மரியாதையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம், பரீட்சை எல்லாம் சொல்கிறாள். எப்போது கூட்டிக்கொண்டு போவாய் என்று மட்டும் கேட்பதில்லை.