அப்பா ஓட்டிவந்த கார்

அவள் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் கூண்டுமேல் நின்று வேலை பார்க்கும்போதுகூடப் பயம் தெரியாது. அன்று ரயிலில் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து வீட்டுக்குப் போகிறாள்.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். ஒரு மதியம் ஓட்டும்போதே கண் அசந்துவிட்டார். சைக்கிளில் போன ஒருவருக்குக் கால் போயிற்று. பிரேக் பிடிக்கவில்லை என்று அப்பா சாதித்தார். பழி டிப்போ மெக்கானிக் தலையில் விழ இருந்தது. அன்று பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த மகள், விசாரணையில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அப்பாவுக்கு வேலை போனது. இனி தனக்கு ஒரே பிள்ளைதான், அதுவும் மகன்தான் என்று அவர் சொன்ன வாரமே அவள் ஊரைவிட்டுக் கிளம்பினாள்.

இப்போது அண்ணன்தான் போன் செய்தான். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதாம். டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறாராம். ஆனால் தினமும் அண்ணனுடைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாராம். சாவியை ஒளித்தால் வீடு ரெண்டுபடுகிறது. தனியாக விடப் பயந்து, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அம்மாவும் கூடவே போகிறாள்.

"நான் சொன்னா காதுல ஏறல. நீ வந்து பாரு."

ஸ்டேஷன் வாசலில் அண்ணன் இல்லை. காரில் அப்பா, அம்மாவும் இல்லாமல் தனியாக. முன்விளக்கு ஒன்று உடைந்து தொங்கியது.

ஏறவில்லை என்றால், இந்த முறையும் மகள் நம்பவில்லை என்றாகிவிடும். ஏறினால்? உடைந்த விளக்கைப் பார்த்தாள். ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள்.

மூக்கு காரின் முன்கண்ணாடியில் இடிக்காத குறையாகக் குனிந்து ஓட்டினார். குடை பிடித்துப் போன ஒருவர் மயிரிழையில் தப்பினார். அவளுடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்து மிதித்து மரத்துப்போனது. சொல்ல வாயெடுத்தாள், பழைய கதை திரும்பிவிடுமோ என்று மென்று விழுங்கினாள்.

சிக்னலுக்கு வெகுதூரம் முன்பே கார் நின்றது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. அப்பா அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"என்ன கலர்?"

"சிவப்புப்பா."

"நிச்சயமா?"

"நான் பொய் சொல்லமாட்டேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"தெரியும். அதனாலதான் உன்னைக் கூட்டிட்டுப் போக நானே வந்தேன்."

பச்சை விழுந்ததைச் சொன்னாள். ஓரத்தில் ஆள் இல்லை, ஒதுக்குங்கள் என்றாள். அவள் சொல்லச் சொல்ல ஒதுக்கி நிறுத்திவிட்டு, இறங்கி அவள் பக்கக் கதவருகே வந்து நின்றார். அவள் ஓட்டினாள். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் டாக்டர், ஒரு கண்ணை ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம், இன்னொன்று கைமீறிவிட்டது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார். பழைய விசாரணையைப் பற்றி அப்பாவும் வாய்திறக்கவில்லை, அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆபரேஷன் முடியும்வரை லீவை நீட்டித்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பக் கிளம்பிய அன்று, அப்பா கண்ணில் கட்டோடு அவள் பக்கத்தில் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். "மெதுவாப் போடா, பின்னால பொம்பளப்பிள்ள இருக்கா," என்று ஸ்டேஷன்வரை அண்ணனை அதட்டிக்கொண்டே வந்தார்.