அந்த ஆறு திரும்பி ஓடவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் விடுமுறையில், மூணாறு கடைவீதியில் நடந்தது இது.

அப்போது நான் பாலக்காட்டில் புவியியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சூரியநெல்லிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. செமினாருக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு, திபெத்தின் யார்லுங் சாங்போ ஆற்றுப் பள்ளத்தாக்கு. நம் பிரம்மபுத்திராவுக்கு அங்கே அதுதான் பெயர்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவருக்கு ஸ்வெட்டர் வாங்கப் போன இடத்தில் ஒரு திபெத்தியர் கடையைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைக்கார அக்கா மைசூர்ப் பக்கத்துத் திபெத்தியக் குடியிருப்பில் பிறந்தவர். பல குளிர்காலம் கோயம்புத்தூரில் கடை போட்டதால் அந்த ஊர்த் தமிழ் சரளமாக வந்தது. திபெத்தைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே போனதும், “ஏனுங்க, ஸ்வெட்டர் வாங்க வந்தீங்களா, பரீட்சை வெக்க வந்தீங்களா?” என்று சிரித்தார். தான் அந்த மண்ணைப் பார்த்ததே இல்லை என்றும், அங்கே பிறந்தவர் இவர்தான் என்றும், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தன் அப்பாவைக் காட்டினார்.

சிறு வயதில், ஊரில் கலவரம் வந்தபோது சித்தப்பாவோடு கிளம்பி வந்தவர் அந்தப் பெரியவர். அவருடைய அம்மா அங்கேயே தங்கிவிட்டார். அவர் திபெத்திய மொழியில் பேச, அக்கா தமிழில் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் மணல்மேடு. முன்னால் வாற்கோதுமை வயல், அதைத் தாண்டி ஆறு. கடப்பதற்கு யாக் மாட்டுத் தோலில் செய்த பரிசல். நானும் படித்ததைச் சொன்னேன். ஆற்றின் மேல்பக்கம் ஷிகாட்சே, கீழ்ப்பக்கம் திபெத்தின் முதல் அரசர்கள் ஆண்ட செடாங், ஆற்றங்கரை மணல்வெளியில் சம்யே என்கிற மிகப் பழைய மடம். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் மலர்ந்தது.

உங்கள் ஊரையே காட்டுகிறேன் என்று செல்போனை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

“வேண்டாங்க. நானே எத்தனையோ தடவ காட்டிட்டேன். இது எங்க ஆறே இல்ல, திரும்பி ஓடுதுங்கறார். அவருக்கு மறதி வந்துருச்சுங்க.”

எல்லாரும் அப்படிச் சொல்லிச் சொல்லி, தனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று அவரே நம்ப ஆரம்பித்திருந்தார். ஊரைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டாராம்.

அதற்குள் அவர் கை நீட்டிவிட்டார். செயற்கைக்கோள் படத்தில் ஆறு இடமிருந்து வலமாக, மணல்திட்டுகளுக்கிடையே பிரிந்து பிரிந்து ஓடியது. அவர் பார்த்தார். காற்றில் வலமிருந்து இடமாகக் கையை வீசிக் காட்டினார். பிறகு தலையை ஆட்டி, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் எஸ்டேட் ஆபீஸ் சுவரில் முதன்முதலாக வரைபடம் பார்த்த நாள் அப்போது ஞாபகம் வந்தது. எஸ்டேட் கொடுத்த வரிசைவீடான எங்கள் லயம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பதாகத் தோன்றி, படம் தப்பு என்று நான் அடம்பிடித்தேன். நான் வாசலில் நின்று பார்த்தே வளர்ந்தவள். மேலேயிருந்து பார்த்தவள் இல்லை.

வீட்டு வாசலில் வெயில் எப்போது விழும் என்று கேட்கச் சொன்னேன். குளிர்காலம் பூராவும், நாள் பூராவும் என்றார். அந்தக் குளிருக்கு அங்கே எல்லா வீட்டையும் வெயிலைப் பார்த்துத்தான் கட்டுவார்களாம். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்படியென்றால் வாசல் தெற்கே. அதில் நிற்பவருக்கு, ஆறு வருகிற மேற்கு வலக்கைப் பக்கம். வடக்கை மேலே வைத்தே பார்த்துப் பழகிய எனக்கு அதுவரை இது தோன்றவில்லை. போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன்.

அவர் குனிந்தார். விரல் ஆற்றோடு நகர்ந்தது, ஒரு வளைவில் நின்றது, கரையேறியது. மரத்தோப்பு, வயல், சில தட்டைக் கூரைகள். ஓரிடத்தில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. மெல்ல ஏதோ சொன்னார். அக்கா அதைத் தமிழில் சொன்னார்.

“பரிசல் மறையற வரைக்கும் அவங்கம்மா இங்கதான் நின்னாங்களாம்.” பிறகு என்னிடம் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், “எதையுமே மறக்கலைங்க” என்றார்.

பக்கத்தில் என் அம்மா ஸ்வெட்டரைக் கையில் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தார். பெரியவர் அதைப் பார்த்து, உங்கள் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“தேயிலக் காட்டப் பாத்து இருக்குய்யா. அடுத்த வருசம் என் வேல முடியுது. லயத்த காலி பண்ணணும்” என்றார் அம்மா.

அக்கா மொழிபெயர்த்ததும் பெரியவர் என் அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார். “காலி பண்றதுக்குள்ள தினமும் கொஞ்ச நேரம் வாசல்ல நில்லுங்கன்னு சொல்றார்” என்றார் அக்கா.

அம்மா அப்படியே செய்தார். இப்போது நாங்கள் வேறு ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஆசிரியையாகிவிட்டேன். ஒரு பிள்ளையின் பதில் எனக்குத் தப்பாகத் தெரிந்தால், தப்பென்று சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளை எந்த வாசலில் நின்று பார்க்கிறது என்று கேட்டுவிடுகிறேன்.