வளைந்த பிடி

தெருவில் அவருக்குச் சிலிண்டர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க்கடை டெய்லரே ஒரு நிமிஷம் யோசிப்பார். தீயணைக்கும் சிலிண்டர் விற்பதும், பழையதைப் பிரித்துப் பவுடர் மாற்றி, கேஸ் ஏற்றித் திருப்பிக் கொடுப்பதும் அவர் தொழில். உருவமும் அதற்கு ஒத்துழைத்தது. கழுத்து குட்டை, வயிறு உருண்டை, வெயிலில் கொஞ்சம் நடந்தால் முகம் சிவந்துவிடும்.

தொழிலில் அவர் ஒரு கிறுக்கர். விற்ற சிலிண்டரை யாராவது விளையாட்டாக அரை நொடி அழுத்திவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், வேலையை அப்படியே போட்டுவிட்டு வேறொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அழுத்தம் காட்டும் முள் பச்சையில்தானே நிற்கிறது, எதற்கு இந்த அவசரம் என்று அவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அழுத்திய சிலிண்டரை வாங்கிக்கொண்டு புதிதை மாட்டிவிட்டுத்தான் திரும்புவார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் போட்டிக் கடைக்காரர், "அந்த ஆள் பிழைக்கத் தெரியாதவர்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பிழைக்கத் தெரியாதவர்தான். ஆனால் காரணம் போட்டிக் கடைக்காரர் நினைத்தது இல்லை.

ஒரு புதன்கிழமை காலை அவருடைய தங்கை மகள் கடைக்கு வந்தாள். வீட்டையொட்டிய பழைய கராஜைத் திறக்கப் போகிறாளாம். அவளுடைய அப்பா அங்கேதான் பைக் ரிப்பேர் பார்த்தார். அவர் போனபோது இவளுக்கு ஏழு வயது. பதினாலு வருஷமாக அதன் ஷட்டரை யாரும் தூக்கவில்லை. இப்போது இவள் பழைய நாற்காலி, அலமாரிகளை வாங்கிச் சரிசெய்து பாலிஷ் போட்டு விற்கலாம் என்று இருக்கிறாள். அம்மா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, கடைசியில் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாளாம்: முதலில் மாமாவிடம் போய்ச் சிலிண்டர் வாங்கி வா.

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அங்கே என்னென்ன இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். மரத்தூள், தின்னர், வார்னிஷ், துடைத்த துணி, ஒரு அறுக்கும் மெஷின். தண்ணீர் சிலிண்டரை ஒதுக்கினார்; மரத்துக்குச் சரி, தின்னரில் பிடித்த தீயைத் தரையெல்லாம் பரப்பிவிடும், மெஷினில் பட்டால் கரண்டு ஆளையே தூக்கி அடிக்கும். கரியமில வாயு மெஷினுக்கு நல்லது, கறை வைக்காது. ஆனால் தூளுக்குள் கனன்றுகொண்டிருப்பதை அது அணைக்காது, அடைத்த அறையில் மூச்சையும் முட்டவைக்கும். பவுடர்தான் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். அணைத்த பிறகு ஒரு வாரம் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும், போகட்டும், பெருக்குவதற்கு ஆள் இருக்குமில்லையா என்றார்.

ஒன்பது கிலோவை அவள் கையில் கொடுத்துத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினாள், குறிபார்க்க முடியவில்லை. தூக்க முடியாத சிலிண்டர் சுவருக்கு அலங்காரம் என்று சொல்லி ஆறு கிலோவை எடுத்து வைத்தார். மெஷின் பக்கத்துக்கு ஒரு சின்ன கரியமில வாயு. பெரியது வாசலை ஒட்டித்தான் இருக்க வேண்டும், அணைக்கும்போது வெளியே போகிற வழி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பாலிஷ் துடைத்த துணியை மூடி போட்ட தகர டப்பாவில்தான் போட வேண்டும். எல்லாவற்றையும் அவள் போனில் குறித்துக்கொண்டாள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "இன்னொண்ணு மாமா. பிடியில இருக்கிற பின்னை உருவிட்டு அழுத்துறதுக்கு என்னைப் பத்துத் தடவை பழக்கிவிடச் சொன்னாங்க அம்மா. அப்பா மாதிரி ஆயிடக் கூடாதாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த வீட்டில் அது அடிபட்டுத் தேய்ந்துபோன பேச்சு. இவள் சாவியை மறந்தால், பாலைப் பொங்கவிட்டால், "ஒரு பின்னை உருவத் தெரியாத மனுஷனோட பொண்ணுதானே" என்பாள் தங்கை. செத்தவர் மேல் அவளுக்கு இருந்த கோபம் ஆறவே இல்லை. இரண்டடி பின்னால் வாசல் இருக்க, சிலிண்டரும் கையில் இருக்க, ஒரு பின்னை உருவத் தெரியாமல் தன்னையும் குழந்தையையும் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போன ஆள் என்றுதான் அவள் கணக்கு.

மாமா அன்றைக்குப் பழக்கிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாட்டிக் கொடுத்துப் பழக்குகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடையின் பாதி ஷட்டரை இறக்கினார். வேலை மேஜைக்குக் கீழே, காலிச் சாக்குகளுக்குப் பின்னால், கருகிய சிலிண்டர் ஒன்று இருந்தது. பதினாலு வருஷமாக அவரைத் தவிர யாரும் அதைப் பார்த்ததில்லை. அதை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தச் சிலிண்டரை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கராஜுக்குக் கொண்டுபோன அன்று தங்கைக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தச் சின்ன டப்பா என்ன அணைக்கும் என்று உதட்டைப் பிதுக்கினாள். தங்கை உதட்டைப் பிதுக்கினால் அண்ணனுக்குப் பொறுக்குமா? அங்கேயே பின்னை உருவி, முற்றத்தில் நின்று அரை நொடி அழுத்திக் காட்டினார். வெள்ளைப் புகை பறந்தது. ஏழு வயதுக் குழந்தை கைதட்டியது. மாப்பிள்ளை, "போதும் போதும், எங்களுக்கும் மிச்சம் வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பவுடர் சிலிண்டரை ஒரு முறை அழுத்திவிட்டால் அதைத் திரும்ப மாட்டக் கூடாது. வால்வின் வாயில் நாலு துகள் மாட்டிக்கொள்ளும், அந்த இடைவெளி வழியாகக் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அன்று மாலை முள் பச்சையில் நிற்கும். இரண்டு மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற விஷயம். வாடிக்கையாளர் வீடாக இருந்திருந்தால் அங்கேயே மாற்றியிருப்பார். இது நம்ம வீடுதானே, அடுத்த வாரம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பின்னைச் செருகி, புது சீல் போட்டு, திரும்ப மாட்டிவிட்டார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

நாலு மாதம் கழித்துக் கார்புரேட்டர் கழுவ வைத்திருந்த பெட்ரோல் தட்டில் தீப்பிடித்தது. மாப்பிள்ளை ஓடியிருக்கலாம். மச்சான் கொடுத்த சிலிண்டர் இருக்கிறதே என்று அவர் ஓடவில்லை. நின்று அழுத்தினார். வராத பவுடருக்காக அழுத்தி அழுத்தி, பிடியின் இரும்பே ஒரு பக்கமாக வளைந்துபோயிருந்தது. உருவிய பின் மேஜைக்கு அடியில் கிடந்தது. தீ அடங்கியதும், தொழில் தெரிந்தவர் என்று முதலில் உள்ளே அனுப்பப்பட்டவர் இவர்தான். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. பின்னைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சோதித்துச் சொல்கிறேன் என்று சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்.

மாப்பிள்ளை மூன்று நாள் உயிரோடு இருந்தார். முகமெல்லாம் கட்டு, பேச்சில்லை. இடது கை மட்டும் தப்பித்திருந்தது. அந்தக் கையை மூடுவார், திறப்பார், மூடுவார். மச்சான் கட்டில் அருகே வரும்போதெல்லாம் அது வேகமாக நடந்தது. "என் கையத் தேடுறாரு" என்று தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளும் விடவே இல்லை. பிடியை அழுத்திக் காட்டுகிறார் மனுஷன் என்று அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தங்கை நேராகவே கேட்டாள், அந்தச் சிலிண்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று. "பதட்டத்துல பின்னை உருவாமலே அழுத்தியிருப்பாரும்மா. நிறையப் பேர் அப்படித்தான்" என்றார் அண்ணன். வாயில் வந்துவிட்டது. அப்படித்தான் ஒரு நிதானமான மனுஷன், செத்த பிறகு பின் உருவத் தெரியாதவர் ஆனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு புதுச் சிலிண்டர்களோடு ஒரு சாக்குப்பையும் தூக்கிக்கொண்டு போனார். ஷட்டர் திறந்திருந்தது. சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். கூரைத் தகரத்தில் மட்டும் பழைய கருப்பு அப்படியே இருந்தது. தங்கை வாசலிலேயே நின்றாள். இன்னும் உள்ளே கால் வைக்கவில்லையாம்.

முதலில் சுவரில் துளை போட்டுவிடலாம் என்று மனசு சொன்னது. மாட்டிவிட்டுச் சொல்லலாம், டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாம். இப்படியேதான் பதினாலு வருஷம் போயிருந்தது. டிரில்லைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கைப் பிரித்தார்.

"இது மாப்பிள்ளையோட சிலிண்டர்மா. இந்தா பின்னு. அவர் உருவிட்டாரு. சரியாத்தான் உருவினாரு. உள்ள ஒண்ணும் இல்ல. நான் அன்னைக்கு அழுத்திக் காட்டினேனே, அதை மாத்தியிருக்கணும். மாத்தல. உன்கிட்டப் பொய் சொன்னேன்."

வால்வில் துகள் மாட்டுவதையும், கேஸ் இறங்குவதையும், தன் சோம்பேறித்தனத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். மருமகள் அழுதாள். தங்கை அழவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் முறையாக உள்ளே வந்து, சிலிண்டரைக் கையில் வாங்கினாள். முள்ளைப் பார்த்தாள். வளைந்த பிடியை விரலால் தடவினாள்.

"எவ்வளவு அழுத்தியிருக்காரு" என்றாள். பிடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தினமும் திட்டினேன்ணா. இவ எதிர்லயே திட்டினேன். அதை இப்ப நான் யார்கிட்டப் போய்த் திருப்பி வாங்கிக்கிறது?"



பிடியைச் சுற்றி அவளுடைய விரல்கள் தாமாகவே மூடின. திறந்தன. மறுபடி மூடியபோது அப்படியே நின்றுவிட்டன. அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில கையை மூடி மூடித் திறந்தாரே. அது?"

எல்லா உண்மையையும் சொல்லிவிடுவது என்று சத்தியம் செய்துகொண்டு வந்த மனுஷன்தான். இந்த ஒன்றுக்கு நாக்கு எழவில்லை.

"அது உன் கையத் தேடினாரும்மா."

"போதும்ணா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "முன்னாடி சொன்ன பொய்யே போதும்."

மாட்டிவிட்டுப் போ என்றும், அடுத்த வருஷம் செக் பண்ண வேறு யாராவது வரட்டும் என்றும் சொல்லிவிட்டு, கருகிய சிலிண்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள். மருமகள் அம்மாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், அம்மா பின்னாலேயே போய்விட்டாள்.

மெஷின் பக்கம் சின்னதை மாட்டினார். வாசல் பக்கம் அளந்து, துளை போட்டு, ஆறு கிலோவை மாட்டினார். ஒரு முறை தட்டி முள்ளைச் சரிபார்த்தார். அதன் கழுத்தில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அடுத்த பரிசோதனைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டத்தில் எப்போதும் தன் போன் நம்பரைத்தான் எழுதுவார். பேனாவைப் பிடித்தபடி அங்கேயே வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைக்காரரின் நம்பரைத் தெளிவாக எழுதி, மை காயும் வரை ஊதிவிட்டு, டிரில்லை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.