ஒன்பதரை மணித்தியாலம்

அம்மாவின் கைபேசியில் அந்த மணிக்கூட்டை வைத்தவன் நான்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் செயலி எழுதுவது என் தொழில். அண்ணை கனடாவில், தொழிற்சாலை வேலை. காலை ஆறு மணிக்கு எழும்புவார். ஏழு மணிக்குக் கைபேசியைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்தான் அப்பா அவரோடு கதைக்கலாம். உரும்பிராய் வீட்டில் படுக்கையோடு கிடந்த அப்பாவுக்கு மருந்தைவிட அது முக்கியம். அம்மாவோ அங்கத்தைய நேரத்தை விரல்விட்டு எண்ணிப் பிழைவிடுவார். அதனால் ஆடி மாதம் ஒரு செயலி செய்து கொடுத்தேன். மேலே எங்கள் நேரம், கீழே அண்ணையின் நேரம்.

வினாடியும் ஓடவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஓடாத மணிக்கூட்டை யார் நம்புவார்கள்? திரை மினுங்காமல், எண் தடக்காமல் ஓடவைக்க மூன்று நாள் மினக்கெட்டேன். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பதரை மணித்தியாலம், அவ்வளவுதான். வேலியை இறுக்கி அடைத்துவிட்டுப் படலையைத் திறந்துவிட்ட கதை.

நவம்பரில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள். எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக் காலத்தில், முகமாலையைத் தாண்டி, இயக்கத்தின் கையில் தனி நேரத்தோடு இருந்த வன்னிக்குப் போகும்போது கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்பியவன் நான். இருந்தும் அதைச் செயலியில் எழுத மறந்துபோனேன். என்னைத் திட்ட எனக்கே சொல் போதாது.

அங்கே நேரம் மாறிய மறுநாள் திங்கட்கிழமை. வழமையாக நாலு மணிக்கு அண்ணைக்குக் கைபேசியில் அழைப்பு எடுப்பார்கள். அன்று அப்பா அயர்ந்து கிடந்தார். நாலேமுக்காலுக்குக் கண் விழித்து, “பெரியவனை ஒருக்கா எடு” என்றாராம்.

அம்மா திரையைப் பார்த்தார். “ஏழேகால். அவன் உள்ளுக்கை போயிருப்பான். நாளைக்கு எடுத்துத் தாறன்.”

விளக்கு வைக்குமுன் அப்பா போய்விட்டார்.

நான் வேலையிலிருந்து ஓடிவந்தேன். அண்ணைக்கு அறிவிப்பதற்காக என் கைபேசியில் அவர் ஊர் நேரத்தைப் பார்த்தேன். அம்மாவின் திரையில் இருந்ததைவிட ஒரு மணித்தியாலம் குறைவு. அப்பா கேட்டபோது அங்கே ஆறேகால்தான். கட்டிலருகே என் வினாடிகள் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணை வரும்வரை உடலை வைத்திருந்தோம். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். “உன்னைக் கேட்டவரடா. நாலேமுக்கால் இருக்கும். மணிக்கூட்டைப் பாத்தன், ஏழேகால். நீ வேலைக்குப் போயிட்டாய்.”

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன்.

“ஓம் அம்மா,” என்றார். “போயிட்டன்.”

சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றபோதுதான் அண்ணை அதைப்பற்றிக் கேட்டார்.

“உந்த மணிக்கூட்டைத் திருத்திப்போட்டியோ?”

“ஓம் அண்ணை.”

“அம்மாவுக்குச் சொல்லாதை.”

தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்டைக்குத் தேத்தண்ணியோடை போனைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்,” என்றார். “ஏன் இன்னும் எடுக்கேல்லை எண்டு யோசிச்சனான். நானே எடுத்திருக்கலாம். அப்பா நித்திரையாக்கும் எண்டு விட்டிட்டன்.”