இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை

மாக்ரெட்டுக்குப் பொய் சொல்ல வராது என்பது கொட்டாஞ்சேனையில் பலருக்கும் தெரிந்த விஷயம். கிறிஸ்மஸ் கேக்குக்கு ஓடர் எடுக்கும்போதே, "இந்த முறை கஜு கொஞ்சம் குறைவு, விருப்பமெண்டா மட்டும் எடுங்க" என்று சொல்லிவிடுவாள். ஐம்பத்தெட்டு வயது. கணவர் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் றமேஷுக்கு முப்பத்தொரு வயது. கொள்ளுப்பிட்டியில், பெரிய கொம்பனிகளுக்கு விழா நடத்திக் கொடுக்கும் ஓர் இடத்தில் வேலை.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, தோய்க்கப் போட்ட சேர்ட்டின் பையில் விரல் நகமளவு பொலித்தீன் பொட்டலம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. உள்ளே வெள்ளைத் தூள். மகனை எழுப்பிக் கேட்டாள்.

"மம்மி, கத்தாதீங்க. இது குடு இல்ல."

"அப்ப என்ன?"

"கொக்கெய்ன். பார்ட்டியில பெரிய ஆக்கள் எடுக்கிறது. எங்கட டிரெக்டரும் எடுப்பார். மூண்டு நாள் தொடர்ந்து நித்திரையில்லாம வேலை செய்ய வேற வழியில்ல."

அந்த நேரத்தில் தனக்கு வந்தது பயம் அல்ல, ஆறுதல் என்பதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் மாக்ரெட்டுக்கு உடம்பு கூசும். குடு என்கிற தெருவோர ஹெரோயினை அவளுக்குத் தெரியும். கிராண்ட்பாஸ் பக்கம் போகிற வழியில், மதில் ஓரமாகக் குந்தியிருக்கும் மெலிந்த பெடியன்கள். தன் மகன் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வேலைக்குப் போகிறவன். பொட்டலத்தைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, சவுந்தரநாயகத்திடம் மூச்சு விடவில்லை.

ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவெடுத்தவளும் அவள்தான். வெள்ளவத்தையில் ரொஷேல் என்ற பெண்ணின் சம்பந்தம் வந்தது. சின்னப் பிள்ளைகளின் பாடசாலையில் படிப்பிக்கிறாள், இருபத்தேழு வயது, கலகலப்பு. நிச்சயம் முடிந்து ஒரு மாதத்தில், அந்தப் பெண் சமையலறைக்குள் வந்து நின்று கேட்டாள்:

"அன்ரி, றமேஷுக்கு அடிக்கடி மூக்கால ரத்தம் வருது. டொக்டரிட்டக் காட்டினீங்களா?"

"அது பீனிசம் பிள்ளை. எங்கட குடும்பத்திலயே இருக்கு. அங்கிளுக்கும் இருந்தது. ஆவி பிடிச்சா நிண்டிடும்."

சவுந்தரநாயகத்துக்கு வாழ்நாளில் தடிமன் வந்ததுகூடக் குறைவு.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கையில் கோயிலில் முதலாம் ஓலை வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிப்பது வழக்கம். இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். நாற்பது வருடமாகக் கேட்டு வந்த வசனம். அன்றைக்கு அதைக் கேட்டபோது மாக்ரெட் குனிந்து, கீழே விழாத கைலேஞ்சியைத் தேடினாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் மரியாயின் சேனைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தியான எமல்டா இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணியளவில் றமேஷ் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மாக்ரெட்டும் சவுந்தரநாயகமும் முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவனை உள்ளே கட்டிலில் போட்டிருந்தார்கள். கண் மேலே சொருகுவதும் திறப்பதுமாக இருந்தது. டொக்டர் இஸ்ஸதீன் வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும், அவசரமான முகம்.

"அம்மா, மகன் ஏதாவது எடுக்கிறவரா? தூள், குளிசை, அப்பிடி ஏதாச்சும்? பொலிசுக்குச் சொல்லக் கேக்கல்ல. மருந்து குடுக்கத் தெரிஞ்சிருக்கணும்."

டொக்டருக்குப் பக்கத்தில் ஃபைலோடு நின்ற தாதி எமல்டா. மூன்று நாளைக்கு முன் முத்தமிட்ட அதே எமல்டா.

"சிகரெட்கூடப் பத்தமாட்டார் டொக்டர்," என்றாள் மாக்ரெட்.

டொக்டர் உள்ளே போனார். எமல்டா போகவில்லை. மாக்ரெட்டின் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள்.

"அக்கா, நான் பதினாலு வருசமா இந்த வேலை செய்றன். கண்ணுமணி விரிஞ்சு கிடக்கு. இதயம் ஓடுற ஓட்டம் மெசினுக்கே பிடிபடுதில்ல. எனக்குச் சொல்ற பொய்யைக் கோயில்ல வந்து சொல்லுங்க. இப்ப உள்ள போய் டொக்டரிட்ட உண்மையைச் சொல்லுங்க."

மாக்ரெட் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினாள். கையில் ஊசியோடு நின்ற டொக்டரிடம், "கொக்கெய்ன் எடுக்கிறவர், தவக்காலத்தில இருந்து எனக்குத் தெரியும்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். டொக்டர் ஊசியை வைத்துவிட்டு வேறு மருந்து எடுக்கச் சொன்னார். எடுத்து வைத்திருந்தது, அந்தத் தூள் ஓடுகிற உடம்பில் இரத்தக் குழாயை இன்னும் இறுக்கிவிடக்கூடிய மருந்து என்று பிறகு விளக்கினார். பின்னேரத்துக்குள் றமேஷ் தண்ணீர் கேட்டான்.

ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிடம் மாக்ரெட்டை விட்டுப் போகவில்லை. எமல்டாவுக்கு அன்றைக்கு லீவாக இருந்திருந்தால் என்று யோசிக்கத் தொடங்கினால், கேக் மாவில் கை வைத்தபடியே நின்றுவிடுவாள்.

சவுந்தரநாயகத்துக்கு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"குடுவா?" என்றார்.

"இல்ல. கொக்கெய்ன்."

அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ இளகியது. அதைப் பார்த்தபோதுதான் மாக்ரெட்டுக்குத் தன் முட்டாள்தனம் முழுதாகத் தெரிந்தது.

அந்தப் பக்கம் வந்த டொக்டருக்கும் அந்த ஆறுதல் தெரிந்திருக்க வேண்டும். "ஐயா, பணக்காரர் எடுக்கிற சாமான் எண்டு இதயத்துக்குத் தெரியுமா?" என்றார். "ரத்தக் குழாய் சுருங்கும். முப்பது வயசிலயே மாரடைப்பு வரும், மூளையில ரத்தக் கசிவு வரும். அதோட குடியும் சேர்ந்தா இன்னும் மோசம். முதல் தரமே செத்தவங்களும் இருக்காங்க."

ஒரு நாள் முழுக்க றமேஷ் அடித்துப்போட்டதுபோல் உறங்கினான். எழும்பி நன்றாகச் சாப்பிட்டான். சவுந்தரநாயகத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. "பாத்தியா, கை நடுங்கல்ல, வாந்தியில்ல. குடிகாரனுக்கெண்டாலும் நடுங்கும். அந்தப் பழக்கம் இவனைப் பெரிசாப் பிடிக்கேல்ல."

டொக்டர் தலையாட்டினார். "இது அப்பிடித்தான் ஏமாத்தும். ஆசை மூளைக்குள்ள இருக்கு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பாட்டு கேக்கும், பழைய கூட்டாளி ஒருத்தர் மெசேஜ் போடுவார், அப்ப வந்து நிக்கும். இதை எடுத்து எறியிற குளிசை இல்ல. ஆள் தங்கிச் சிகிச்சை எடுக்கணும், ஆலோசகரோட கதைக்கணும், மாசக்கணக்கா. வீட்டு ஆக்களும் மாறணும்."

றமேஷ் தாயின் கையைப் பிடித்தான். "போறன் மம்மி. சத்தியமாப் போறன். ஆனா ரொஷேலுக்குச் சொல்ல வேணாம். கல்யாணம் முடியட்டும்."

வெள்ளிக்கிழமை மாக்ரெட் ஒருவரிடமும் சொல்லாமல் கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனாள். ரொஷேலின் தாய் சந்தைக்குப் போயிருந்தார். றமேஷுக்கு நெஞ்சுவலி, அல்சராக இருக்கலாம் என்று மட்டும் ரொஷேலுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் நிலத்தில் இருந்து, பிள்ளைகளின் நாடகத்துக்குக் கடதாசிக் கிரீடம் வெட்டிக்கொண்டிருந்தாள். மாக்ரெட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

"நான் கேட்டனான் அன்ரி. வாயைத் திறந்து உங்களிட்டக் கேட்டனான்."

"ஓம் பிள்ளை."

"பீனிசம் எண்டீங்க. அங்கிளுக்கும் இருந்தது எண்டீங்க."

"பொய்."

"அங்கிள்ர மூக்கில ஒண்டுமே இல்லையா?"

"இல்ல."

ரொஷேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே அது வேறு சத்தமாக மாறியது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்டு கேக்கிறன். அவர் விழாம இருந்திருந்தா எனக்குச் சொல்லியிருப்பீங்களா?"

பஸ்ஸில் வரும்போது மாக்ரெட் எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு எதுவும் உதவவில்லை.

"இல்ல," என்றாள்.

ரொஷேல் வெட்டிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். "நான் றமேஷை வெறுக்கேல்ல. அவர் சுகப்பட வேணும். ஆனா நான் அவருக்கு மருந்து இல்ல அன்ரி. என்னை மருந்தா வாங்கப் பாத்தீங்க. நீங்க போங்க, மம்மி வர முந்திப் போங்க. நானே அவவுக்குச் சொல்றன்."

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

றமேஷை நீர்கொழும்புப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்தில் சேர்த்தார்கள். அக்கம்பக்கத்துக்குச் சவுந்தரநாயகம் ஒரு கதை கட்டினார். கொம்பனி மகனைத் திடீரென்று துபாய்க்கு அனுப்பிவிட்டதாம். மாக்ரெட் மறுக்கவில்லை. ரொஷேலுக்குச் சொன்னாயிற்று, இனி ஊருக்கு என்ன என்று நினைத்தாள்.

மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தாரையும் நிலையத்துக்குக் கூப்பிடுவார்கள். வட்டமாகக் கதிரை போட்டிருக்கும். மகனுக்காக என்னவெல்லாம் செய்தீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். இரத்தம் பட்ட தலையணை உறைகளைத் தகப்பன் காணாமல் தோய்த்தது, வேலைத்தலத்துக்குக் காய்ச்சல் என்று கோல் எடுத்தது, பெண் பார்த்தது என்று மாக்ரெட் சொல்லிக்கொண்டே போனாள். எதிரே இருந்த றமேஷ் தரையைப் பார்த்தபடி இருந்தான். அவன் கெட்டுப்போனது உங்களால் அல்ல, ஆனால் நிறுத்த வேண்டிய அவசரம் அவனுக்கு வராமல் பார்த்துக்கொண்டது நீங்கள் என்றார் ஆலோசகர். மாக்ரெட் முதல் பாதியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது வாரம், ஒருநாள் லீவில் வெளியே வந்த றமேஷ் பழைய கூட்டாளியிடம் போய் மீண்டும் எடுத்தான். திரும்பிப் போய் அதை அவனே நிலையத்தில் சொன்னான். இப்படிச் சறுக்குவது நடக்கிறதுதான், தானாக வந்து சொன்னது புதிது என்று ஆலோசகர் கோலில் சொன்னபோது மாக்ரெட்டுக்கு அழுவதா சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்திருந்ததைப் போய் இறக்கினாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் பிளேன்ரீ. ஸ்டெல்லா என்பவள் ஊர்ப் புதினம் முழுக்கத் தெரிந்தவள். மாக்ரெட்டின் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நல்லதுக்குத்தான் மாக்ரெட் அக்கா. அந்த வெள்ளவத்தைப் பெட்டைக்கு வேற ஆள் இருந்ததாமே? உங்கட பிள்ளை தப்பினான். பாவம், அதைத் தாங்க ஏலாமத்தான் துபாய்க்குப் போனதெண்டு கதை."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான். அதுக்குப் பிறகு அவளுக்கு வந்த ஒரு சம்பந்தத்தையும் விசாரிச்சுப்போட்டு விட்டிட்டாங்களாம்."

மாக்ரெட் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு ஆளும் இல்ல, ஒண்டும் இல்ல. என்ர மகன் கொக்கெய்னுக்கு அடிமை. துபாய்க்குப் போகல்ல, நீர்கொழும்பில சிகிச்சையில இருக்கிறான்."

"மெல்லக் கதையுங்க அக்கா, சனம் பாக்குது."

"தெரிஞ்சுகொண்டு மறைச்சுப் பெண் கேட்டது நான். கல்யாணத்தை நிப்பாட்டினது அவள், அது சரி. விசாரிச்ச வீடு எதெண்டு தெரியுமா உங்களுக்கு? தெரியுமெண்டா சொல்லுங்க, நான் அங்க போய் உண்மையைச் சொல்றன்."

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் அடங்கிவிட்டது. ஸ்டெல்லா வாயில் பிஸ்கட்டோடு தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பாமன்கடையில் ஒரு வீட்டின் விலாசத்தைச் சொன்னாள்.

வீட்டில் சவுந்தரநாயகம் கதவைப் படாரென்று சாத்தினார். "என்னட்ட ஒரு சொல் கேட்டியா? இனி நான் எந்த முகத்தோட வெளிய போறது?" மாக்ரெட் மதியச் சோற்றுக்கு அடுப்பை மூட்டினாள். பின்னேரம் நிலையத்திலிருந்து றமேஷின் கோல் வந்தது. நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப நான் வெளிய வந்தா எல்லாருக்கும் தெரியும்."

"ஓம் மகன்."

"ரொஷேல் உங்களோட கதைச்சாளா?"

"இல்ல. என்ர கோலை எடுக்கிறதில்ல."

"எடுக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்ல மம்மி."

"தெரியும்," என்றாள் மாக்ரெட். கோலை வைத்துவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் பாமன்கடைக்குப் போகப் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.