மாலை கழற்றிய பிறகு

ஒரு தகப்பன் தன் மகனை மரியாதையோடு அழைத்ததைச் சிகிச்சைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? என் மேசை இழுப்பறையில் கிடக்கும் உருத்திராட்ச மாலை கண்ணில் படும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. உறக்கம், பசி, சிறுநீர்ப் பரிசோதனை, பள்ளி வருகை என ஒவ்வொன்றுக்கும் அந்தப் படிவத்தில் இடம் உண்டு. இதற்கு இல்லை.

சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு, கோவையில் பதின்பருவத்தினருக்கான போதை மீட்பு மையமொன்றில் ஆலோசகராகச் சேர்ந்திருந்தேன். அது புறநோயாளிப் பிரிவு. யாரையும் உள்ளே தங்கவைப்பதில்லை. வியாழன் மாலைகளில் பிள்ளைகள் பெற்றோருடன் வந்து, பேசி, பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். சூலூரிலிருந்து மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தவர் விசைத்தறி ஓட்டுபவர். வாழ்நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால், அவர் சாதாரணமாகச் சொல்வதும் அதட்டலாகவே விழும். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. வலி மாத்திரைகளுக்கு அடிமைப்பட்டிருந்தான். "இந்த எருமைக்குச் சொன்னா ஏறுங்களா அம்மணி? மழ பேஞ்சாலும் அப்படியே நிக்கும்" என்பதுதான் மகனைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். அப்படி அழைக்க வேண்டாமே என்றதற்குச் சிரித்தார். "செல்லமாச் சொல்றதுங்க."

மார்கழியில் மகனுக்குப் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டுவிட்டார் தாய். மாலை போட்டவரை வயது பாராமல் 'சாமி' என்றழைப்பது வழக்கம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதர் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, "சாமி, இப்படி உக்காருங்க" என்றபோது வியப்பாக இருந்தது. அவர் குரல் பாதியாகத் தணிந்திருந்தது. "சாமி, டீ குடிக்கிறீங்களா? சர்க்கரை கம்மியாச் சொல்லட்டுங்களா?" மகன் முதலில் கூச்சத்தில் நெளிந்தான், பிறகு நிமிர்ந்து உட்காரத் தொடங்கினான். வாராவாரம் பரிசோதனைகள் சுத்தமாக வந்தன. மருந்தும் எங்கள் அமர்வுகளும் பலன் தருகின்றன என்று நம்பினேன். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். யாத்திரை முடிந்ததும் தாய் தொலைபேசியில், "பரீட்சை முடியுமட்டும் மாலை கழுத்திலயே கெடக்கட்டுங்களா?" என்று கேட்டார். மாலை இல்லாமலும் அவன் தன் காலில் நிற்கப் பழகட்டும், கழற்றிவிடலாம் என்றேன். இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றும் சொன்னேன். இரண்டையும் நன்கு யோசித்துத்தான் சொன்னேன் என்பதே இன்றும் என்னை அதிகம் குழப்புகிறது.

மாதம் முடியும் முன்பே அவர்கள் வந்து நின்றார்கள். மகன் மறுபடியும் மாத்திரை எடுத்திருந்தான். தகப்பன் சட்டைப்பையிலிருந்து மாலையை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"மாலையக் கழட்டச் சொன்னதும் நீங்க, மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்னதும் நீங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க."

பூட்டிவைத்துக் குணமாக்கும் விடுதி ஒன்றில் மறுநாளே சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டிருந்தார். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, போனால் அந்த ஆண்டே போய்விடும். தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அதுவரை என் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்பதற்கு மேல் பேசாத மகன் அப்போது வாய்திறந்தான்.

"மால போட்டிருந்தப்ப அப்பா என்னைச் சாமின்னாருங்க. கழட்டிப்போட்டு ஊட்டுக்குள்ள வந்தேன். 'டேய் எருமை, செருப்ப ஓரமா உடுறா'ன்னாரு."

"அது சாமிக்குக் குடுத்த மரியாதைடா. உனக்கில்ல" என்றார் தகப்பன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொற்கள் அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரைக்குத் திரும்புகிறவர்கள் காரணம் தேடுவார்கள், அதை அப்படியே நம்பிவிடாதே என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். பிள்ளை வாழும் வீட்டைக் கவனி என்று கற்பித்தவர்களும் அவர்கள்தாம். அவன் சொன்னது சாக்கா, உண்மையா? இரண்டுமாகவும் இருக்கலாமோ? ஒற்றைச் சொல்லின் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமா? எதுவும் பிடிபடவில்லை. பிடிபட்ட ஒன்றை மட்டும் சொன்னேன்: மாதம் ஒருமுறை போதும் என்று சொன்னது என் தவறு, விடுதி முடிவை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். அவர் எழுந்து, இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

ஜன்னல் வழியாகப் பேருந்து நிறுத்தம் தெரியும். சூலூர் பேருந்து வந்தது. எப்போதும் முதலில் முண்டியடித்து ஏறும் அந்த மனிதர் சற்று ஒதுங்கி நின்று, மகனுக்கு வழிவிட்டு, ஏதோ சொன்னார். 'ஏறு' என்றாரா, 'ஏறுங்க' என்றாரா? ஒலிப்பான் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த வியாழன் மூவரும் வந்தார்கள். அதன் பிறகும் இரண்டு முறை மகன் தடுமாறினான். ஆனாலும் தேர்வை எழுதினான். மாலையைத் திருப்பிக் கொடுத்தபோது தகப்பன் வாங்கவில்லை. "இருக்கட்டுங்க அம்மணி, மறுபடி எருமைன்னு வாயில வந்துட்டா எனக்கு அவசரத்துக்கு ஆகும்" என்றார். மகன் சிரித்தான். கல்லூரியில் சேர்ந்ததும் அவர்கள் வருகை நின்றுபோனது. இன்று அவன் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

மாலை இழுப்பறையிலேயே இருக்கிறது. புதிதாக வரும் பெற்றோரிடம், வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன். அவர்கள் சொல்வதை, அதற்கென்று கட்டம் இல்லாததால், படிவத்தின் மேல் ஓரத்தில் அப்படியே எழுதிவைக்கிறேன்.